யாருக்கும் எதிரி இல்லாத வேட்பாளர்கள்

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், அரசு உத்தரவின்படி, தன் நாட்டு மக்களின் கண்ணிலிருந்து யூடியூபை மறைக்கப் பார்த்தது. யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதிக்கு “இங்கே போக வழி எங்களிடம்தான் இருக்கிறது” என்று ஒரு பொய் அறிவிப்பைத் தன் ரவுட்டர்களில் போட்டது. வீட்டுக்குள் சொன்ன பொய் தெருவுக்கு வந்துவிட்டது. ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு மேல்நிலை நிறுவனம் அதைச் சரிபார்க்காமல் மற்றவர்களுக்குக் கடத்தியது. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு உலகின் பெரும்பகுதியில் யூடியூப் கிடையாது.

எந்த நீதிமன்றமும் வந்து அதைச் சரிசெய்யவில்லை. அந்தந்த நிறுவனங்களில் ரவுட்டரைக் கையில் வைத்திருந்த சிலர்தான் செய்தார்கள். யூடியூப் தரப்பு இன்னும் துல்லியமான அறிவிப்புகளைப் போட்டது. ஹாங்காங் தரப்பு கசிவை அடைத்தது. அவ்வளவுதான்.

இணையம் என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகள். அவற்றுக்கு மேலே முதலாளி யாரும் இல்லை. பக்கத்து நெட்வொர்க் சொல்வதை ஓரளவுக்கு நம்புவது, நம்பிக்கை உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்து வைத்திருப்பது, இந்த இரண்டின் மேல்தான் எல்லாம் ஓடுகிறது. அப்படிப் பரிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் நெட்வொர்க் ஆப்பரேட்டர்கள் கூடுகிறார்கள். ஐரோப்பாவில் ரைப் 1989இல் தொடங்கியது. வட அமெரிக்காவில் நேனாக் 1994இல், தெற்காசியாவில் சேனாக் 2003இல். கூடவே, ஐ.பி. முகவரிகளைப் பங்கிட்டுக் கணக்கு வைக்க ஐந்து வட்டாரப் பதிவகங்கள் இருக்கின்றன. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் ஏப்நிக் என்ற பதிவகத்தின் எல்லைக்குள் வருகின்றன. நீங்கள் இதை வாசிக்கும் ஃபோனின் முகவரியும் பெரும்பாலும் அப்படி ஏதோ ஒரு பதிவகத்தின் கணக்கிலிருந்து வந்ததுதான்.

இந்த அமைப்புகளுக்குத் தலைமைக் குழு உண்டு. பெரும்பாலானவற்றில் அதற்குத் தேர்தலும் உண்டு. வெளியே யாருக்கும் தெரியாமல் நடக்கும் அந்தத் தேர்தல்களில் நிற்கும் வேட்பாளர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என் புகார் எளிமையானது. இவர்கள் யாரும் எதற்கும் எதிரானவர்கள் இல்லை. எதற்கும் எதிராக இல்லாத ஒருவரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

*வரன் விளம்பரம்*

வேட்பாளர் அறிக்கைகளில் பதினைந்தை வாசித்தால் போதும், பதினாறாவதை நீங்களே எழுதிவிடலாம். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: இத்தனை வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு வந்தபோது யாரையும் தெரியாது, இன்று இது என் குடும்பம். இந்தச் சமூகம் எனக்கு நிறையக் கொடுத்தது, அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன். வெளிப்படைத்தன்மையில் நம்பிக்கை உண்டு. புதியவர்களை வரவேற்பேன். கீழே வேலை பார்த்த கம்பெனிகளின் பட்டியல், சிரித்த முகத்தோடு ஒரு படம்.

இது ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் வரன் விளம்பரம். நல்ல குடும்பம், கை நிறையச் சம்பளம், கெட்ட பழக்கம் கிடையாது. வரன் விளம்பரத்தையாவது யாரும் அப்படியே நம்புவதில்லை. பெண் வீட்டுக்காரங்க நாலு பேர்கிட்ட விசாரிப்பாங்க, பையன் வேலை பார்க்கிற இடத்துக்கு ஆள் அனுப்புவாங்க. இங்கே அதுவும் கிடையாது. பெயர் பழக்கமாக இருக்கிறதா, போன கூட்டத்தில் காபி குடிக்கும்போது நன்றாகப் பேசினாரா, போடு ஓட்டு.

“போன குழு எடுத்த இந்த முடிவு தவறு, நான் வந்தால் மாற்றுவேன்” என்று ஒரு வரி அபூர்வமாகத்தான் தட்டுப்படும். “இந்தச் செலவை நிறுத்துவேன்” என்பது அதைவிட அபூர்வம். “என் கம்பெனிக்கு இந்த விஷயத்தில் லாபம் இருக்கிறது, ஆகவே அந்த விவாதத்தில் நான் ஒதுங்கி நிற்பேன்” என்று தானாக முன்வந்து எழுதும் வேட்பாளரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

*வாக்கெடுப்பு என்றால் கூச்சம்*

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1992இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் கிளார்க் பேசினார். அரசர் வேண்டாம், அதிபர் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், பெரும்பாலானவர்களின் ஒப்புதலும் உண்மையிலேயே ஓடுகிற மென்பொருளும் போதும் என்பது அவர் சொன்னதன் சாரம். இணையத் தரங்களை உருவாக்கும் ஐ.ஈ.டி.எஃப். இன்றும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகிறது. அங்கே தலைமையை உறுப்பினர்கள் வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. முன்வந்த தன்னார்வலர்களில் குலுக்கல் முறையில் ஒரு குழுவை எடுத்து, அந்தக் குழு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது.

அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பேச்சைவிட வேலை பெரிது என்று நம்புகிறவர்கள் இவர்கள். மேடை ஏறித் தன்னைப் புகழ்ந்துகொள்வதும் அடுத்தவரைக் குறை சொல்வதும் அவர்களுக்கு அருவருப்பு. எனக்கும் அது பிடிக்கும்.

ஆனால் வாக்கெடுப்பு வேண்டாம் என்று சொன்னவர்களின் கூச்சத்தை, வாக்கெடுப்பு நடத்துகிற இடத்துக்குத் தூக்கி வந்தால் கோளாறு. தேர்தல் பிடிக்கவில்லையா, குலுக்கல் போடுங்கள், தப்பில்லை. தேர்தல்தான் என்று முடிவு செய்தால் வாக்காளருக்குத் தேர்ந்தெடுக்க ஏதாவது கொடுங்கள். இரண்டும் கெட்டானாக நின்றால் ஜெயிப்பது முகப்பழக்கம். முகப்பழக்கம் யாருக்கு அதிகம்? எல்லாக் கூட்டத்துக்கும் வர முடிந்தவருக்கு. எல்லாக் கூட்டத்துக்கும் யாரால் வர முடியும்? விமான டிக்கெட்டையும் ஓட்டல் பில்லையும் கம்பெனி கட்டுகிறவரால்.

*சண்டையில் பிறந்த குழு*

நேனாக்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அரசின் பணத்தில் ஓடிய என்.எஸ்.எஃப்.நெட் காலத்தில், அதன் வட்டாரப் பொறியாளர்கள் கூடிப் பேசிய கூட்டங்களிலிருந்து வளர்ந்தது அது. மிச்சிகனில் உள்ள மெரிட் என்ற லாபநோக்கற்ற நிறுவனம் அதை நடத்தியது. பத்தாண்டுகளுக்கு மேல் அப்படியே போயிற்று. நடத்துகிறவர்கள் நல்லவர்கள், நிகழ்ச்சி நடக்கிறது, எதற்குக் கேள்வி?

2005இல் கேள்வி வந்தது. கூட்டத்தில் என்ன பேசப்படும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? விவாதத்தில் ஒருவரை எந்த விதிப்படி நிறுத்துகிறார்கள்? இதில் நமக்கு ஏன் வாக்கு இல்லை? பொறியாளர்கள் பகிரங்கமாகச் சண்டை போட்டார்கள். அதன் விளைவாக ஒரு சாசனம் எழுதப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட வழிகாட்டுக் குழு ஒன்று வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2011இல், நேனாக் மெரிட்டிடமிருந்து பிரிந்து உறுப்பினர்களின் சொந்த அமைப்பாக நிற்கத் தொடங்கியது. அன்று சண்டை போட்டவர்கள் மரியாதை தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் கேட்டது கிடைத்ததால்தான் இன்று அங்கே தேர்தல் என்று ஒன்று இருக்கிறது.

ஆக, அந்த நாற்காலியே கருத்து வேறுபாட்டில் செய்யப்பட்டது. அதில் உட்கார வருகிறவர்கள் எனக்குக் கருத்து வேறுபாடே கிடையாது என்பதைத் தகுதியாகக் காட்டினால் எப்படி? நீண்ட சேவைக்குக் கொடுக்கும் பொன்னாடை அல்லவே அது.

*குழு என்ன செய்கிறது?*

“அட, இது சும்மா தன்னார்வ வேலை. மேசை நாற்காலி போடுவதற்கு ஏன் இவ்வளவு அரசியல்?” இந்தக் கேள்வியை எல்லா ஊரிலும் கேட்கலாம்.

மேசை நாற்காலியைப் பற்றியே பேசுவோம். கூட்டத்தை எந்த நாட்டில் நடத்துவது என்பது விசா பற்றிய முடிவு. டொரன்டோவிலோ சான்ஃபிரான்சிஸ்கோவிலோ இருப்பவருக்கு அது ஒரு விமானப் பயணம். சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவருக்கு அது மாதக்கணக்கில் தூதரக வாசல். நுழைவுக் கட்டணத்தை ஏற்றினால் ஒரு சின்னக் கேபிள் நெட்வொர்க்கிலிருந்து வருகிறவர் நின்றுவிடுவார், பெரிய கம்பெனிக்கு உறைக்கக்கூடச் செய்யாது. யாரிடம் விளம்பரப் பணம் வாங்குவது, பணம் கொடுத்தவர் மேடை கேட்டால் கொடுப்பதா என்பதையும் யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். முந்தின மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் தவறால் பாதி நாடு முடங்கியிருந்தால், அந்த நிறுவனத்தையே மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்பதா, அல்லது அதன் புதிய சேவை பற்றிய விளக்கப்படத்துக்குக் கைதட்டுவதா?

இன்னொரு விஷயம். அமெரிக்க, ஐரோப்பிய நெட்வொர்க்குகள் பலவற்றை இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொள்வது சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் ஷிஃப்ட் வேலை செய்யும் என்.ஓ.சி. ஊழியர்கள். எச்சரிக்கை மணி அடித்தால் முதலில் எழுகிறவர் அவர். ஆப்பரேட்டர் என்ற சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் அவருடைய நிறுவனம் அவரை நேனாக்குக்கு அனுப்பப்போவதில்லை. “சமூகம்” என்று ஒரு வேட்பாளர் எழுதும்போது இவர் அதில் உண்டா இல்லையா? நான் இதுவரை வாசித்த அறிக்கை எதிலும் இந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லை.

சமூகம் என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஏப்நிக்கின் நிர்வாகக் குழுத் தேர்தலில் ஆளுக்கொரு வாக்கு கிடையாது. உறுப்பினர் நிறுவனம் வைத்திருக்கும் முகவரிகளின் அளவைப் பொறுத்து 1, 2, 4, 8, 16, 32, 64 என்று வாக்குகள் ஏறுகின்றன. உச்சியில் இருக்கும் ஒரு டெலிகாம் நிறுவனத்துக்கு 64. கீழே இருக்கும் ஒரு சிறிய உறுப்பினருக்கு 2. அதிகச் சந்தா கட்டுகிறவருக்கு அதிக வாக்கு என்று இதற்கு நியாயம் சொல்லலாம், சொல்கிறார்கள். வேட்பாளர் அதை ஆதரிக்கட்டும், அல்லது எதிர்க்கட்டும். “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று மட்டும் சொல்ல வேண்டாம். 64க்கு 2 என்று பங்கு பிரித்த குடும்பம் அது.

*ஆப்பிரிக்காவில் நடந்தது*

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தோன்றினால் ஆப்ரினிக்கைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கும் பதிவகம் அது. மொரீஷியஸில் இருக்கிறது.

பின்னணி இதுதான். பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே 429 கோடி சொச்சம்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதன் பிறகு அவை சந்தையில் விலைக்கு விற்கும் சரக்காகிவிட்டன. 2021, 2022 வாக்கில் ஒரு முகவரி ஐம்பது டாலரைத் தொட்டது. மற்ற வட்டாரங்களில் காலியான பிறகும் ஆப்ரினிக்கிடம் கையிருப்பு இருந்தது. தேன் இருக்கிற இடத்துக்கு எறும்பு வரத்தானே செய்யும். சுமார் 40 லட்சம் முகவரிகள் முறைகேடாகக் கைமாறியிருந்ததை ஆப்ரினிக் நடத்திய தணிக்கையே 2021இல் வெளியிட்டது.

அதே ஆண்டு இன்னொரு சண்டை நீதிமன்றத்துக்குப் போனது. சீஷெல்ஸில் பதிவான கிளவுட் இன்னவேஷன் என்ற நிறுவனம் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை வைத்திருந்தது. ஐம்பது டாலர் வீதம் கணக்குப் போட்டால் 30 கோடி டாலருக்கு மேல். அவை ஆப்பிரிக்காவுக்கு வெளியே பயன்படுகின்றன, இது ஒப்பந்த மீறல் என்றது ஆப்ரினிக். விதிப்படிதான் வாங்கினோம், எங்கே பயன்படுத்துவது என்பது எங்கள் உரிமை என்றது நிறுவனம். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2021 ஜூலையில் நீதிமன்ற உத்தரவால் ஆப்ரினிக்கின் வங்கிக் கணக்குகள் முடங்கின. வழக்கு மேல் வழக்கு. 2022இல் இயக்குநர் குழுவில் முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கையில் ஆட்களே இல்லாமல் போனது. புதிய தேர்தல் நடத்த முடியவில்லை. 2023 செப்டம்பரில் நீதிமன்றமே ஒரு நிர்வாகியை நியமித்தது. 2025 ஜூன் 23 அன்று தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, வேறொருவர் சார்பில் வாக்களிக்கக் கொண்டுவந்த ஒரு பவர் பத்திரம் செல்லுமா என்ற சர்ச்சையில் வாக்குப்பதிவு நின்று, தேர்தலே ரத்தானது. செப்டம்பரில் மறுபடி நடத்தித்தான் ஒரு குழு வந்தது.

ஒரு கண்டத்தின் முகவரிப் பதிவகம் மூன்று ஆண்டுகள் முழுமையான குழு இல்லாமல் கிடந்தது. வலையமைப்புகள் நிற்கவில்லை, உண்மைதான். பணியாளர்கள் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் கொள்கை முடிவு எடுக்க ஆள் இல்லை. “இந்தத் தேர்தல் எல்லாம் சம்பிரதாயம்” என்று சொல்கிறவர்கள், அந்தச் சம்பிரதாயத்தை முடக்குவதற்கும் நடத்துவதற்கும் ஏன் இத்தனை வக்கீல்கள் தேவைப்பட்டார்கள் என்று யோசிக்க வேண்டும்.

*போலி செய்ய எளிதான அறிக்கை*

நம் வட்டாரம் மட்டும் தப்பிவிடவில்லை. 2023இல் ஏப்நிக் நிர்வாகக் குழுவின் நான்கு இடங்களுக்குத் தேர்தல் வந்தபோது, அதுவரை தூங்கிவழிந்த அந்த நிகழ்வு ஒரேயடியாகச் சூடானது. அமைப்பின் பெயரைத் தவறாகப் பயன்படுத்தி உறுப்பினர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் போவதாகப் புகார்கள் வந்தன. வேட்பாளர்களில் சிலருக்குப் பின்னால் ஒரே வணிக நலன் இருக்கிறதா என்ற கேள்வி பகிரங்கமாக எழுந்தது. தேர்தல் முடிந்த பின் அதே ஆண்டில் உறுப்பினர்கள் வாக்களித்துத் துணைவிதிகளைத் திருத்தினார்கள். யார் நிற்கலாம் என்ற விதிகள் இறுகின.

விதி இறுகியது நல்லது. ஆனால் அந்தத் தேர்தலிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. அன்று ஒரு சாதாரண உறுப்பினர், ஒரு சின்ன ஐ.எஸ்.பி. நடத்துகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கைகளை மட்டும் படித்து யார் எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? எல்லோருக்கும் வெளிப்படைத்தன்மையில் நம்பிக்கை உண்டு. எல்லோரும் சமூகத்துக்குச் சேவை செய்யத்தான் வந்திருக்கிறார்கள். நல்லவர் எழுதும் அறிக்கையும் கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் எழுதும் அறிக்கையும் ஒன்றுபோலவே இருக்கும். காரணம், அந்த வகை அறிக்கையில் பொய் சொல்வதற்குக்கூட எதுவும் இல்லை.

யாரையும் புண்படுத்தாத அறிக்கை எழுதும் நல்லவர்கள் செய்யும் தீங்கு இதுதான். அவர்கள் தங்களை அறியாமல் திருடனுக்கு முகமூடி தைத்துக் கொடுக்கிறார்கள். “விலைக்கு விற்கப்படும் முகவரிகள் பற்றி என் நிலைப்பாடு இது, அதை இப்படித்தான் கட்டுப்படுத்துவேன்” என்று பத்துப் பேர் எழுதும் இடத்தில், பதினோராவது ஆள் மழுப்பினால் உடனே தெரியும். பத்துப் பேரும் மழுப்பும் இடத்தில் அவர் ஒளிந்துகொள்ளத் தேவையே இல்லை.

*“நல்லவர்கள் ஓடிவிடுவார்களே?”*

எதிர்வாதங்களில் பலமானது இது. இவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வருகிறவர்கள். பகலில் வேலை, இரவில் குழுக் கூட்டம். இவர்களை நிறுத்திவைத்துக் குறுக்கு விசாரணை செய்தால் அடுத்த முறை யார் வருவார்கள்? மிஞ்சுவது தடித்த தோல்காரர்களும் நேரம் போகாதவர்களும்தான்.

நியாயமான பயம். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு சின்ன நூலக வாசகர் வட்டத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்திலோ பொறுப்பை யார் தலையில் கட்டுவது என்று தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். “நீங்களே இருந்துடுங்க சார்” என்ற வாக்கியத்தில்தான் பாதிச் சங்கங்கள் ஓடுகின்றன.

ஆனால் குறுக்கு விசாரணை வேறு, நிலைப்பாடு கேட்பது வேறு. நான் கேட்பது கோஷமோ சுவரொட்டியோ இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு ரவுட்டர் எப்படி அமைக்கப்பட வேண்டும் என்பதற்காக மணிக்கணக்கில், பெயர் சொல்லி, காரசாரமாக மோதக்கூடியவர்கள். அடுத்தவரின் வடிவமைப்பு ஏன் தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மாலையில் ஒன்றாகச் சாப்பிடப் போவார்கள். தொழில்நுட்பத்தில் இவ்வளவு நேர்மையாக முரண்படத் தெரிந்தவர்கள் பணம், அதிகாரம் என்று வரும்போது மட்டும் ஏன் திருமண வீட்டு மாமா மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட வேண்டும்? அந்த நேர்மையை இந்தப் பக்கமும் கொண்டுவாருங்கள் என்பதுதான் கோரிக்கை.

தவிர, மழுப்பலால் காப்பாற்றப்படுவது நல்லவர்கள் என்பதே சந்தேகம். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த முகங்களைத்தான் அது காப்பாற்றுகிறது. புதிதாக வருகிற ஒருவரிடம் பதினைந்து வருடக் காபி நட்பு இல்லை. அவரிடம் இருக்கக்கூடியது ஒரு யோசனை மட்டும்தான். யோசனைக்கு மதிப்பில்லாத தேர்தலில் அவர் தோற்றுப்போய்த்தான் திரும்புவார். “புதியவர்களை வரவேற்பேன்” என்று எழுதிய அதே அறிக்கை அவரைத் தோற்கடித்திருக்கும்.

*மூன்று கேள்விகள்*

அடுத்த முறை எந்தக் குழுவுக்கு யார் நின்றாலும் வாக்காளர்கள் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கட்டும். பதில் தராதவருக்கு வாக்கு இல்லை என்று முடிவு செய்யட்டும். விதியைத் திருத்த வேண்டியதுகூட இல்லை.

ஒன்று: உங்கள் பயணத்துக்கும் நேரத்துக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள், இந்தக் குழு எடுக்கும் எந்தெந்த முடிவுகளில் அவர்களுக்கு லாபமோ நட்டமோ உண்டு?

இரண்டு: கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த அமைப்பு எடுத்த எந்த முடிவு தவறு, அப்போது நீங்கள் எங்கே, என்ன சொன்னீர்கள்?

மூன்று: நீங்கள் வந்தால் எதை நிறுத்துவீர்கள்? எதைத் தொடங்குவீர்கள் என்று கேட்கவில்லை. தொடங்குவதாகச் சொல்ல யாருக்கும் துணிச்சல் தேவையில்லை. ஒன்றை நிறுத்துவேன் என்றால் அதனால் பயன்பெறும் ஒருவரின் முகம் வாடும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடிகிறவர்தான் குழுவில் இருக்க வேண்டியவர்.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் இந்தத் துறையிலேயே இருக்கலாம். உங்கள் நிறுவனத்துக்கு வாக்கு இருக்கலாம், அது யார் மேசையில் தூங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள். 2 வாக்கு என்றாலும் பரவாயில்லை. இந்த மூன்று கேள்விகளை வேட்பாளர்களுக்கு அனுப்பிவிட்டு, என்ன பதில் வருகிறது என்று பார்த்த பிறகு அதைப் போடுங்கள்.